சம்பள மேசையும் திருமணப் பதிவேடும்

மலையகத்தில் கிறிஸ்தவத் திருமணங்களுக்குச் சென்று பழகியவர்களுக்கு எபேசியர் நிருபத்தின் ஐந்தாம் அதிகாரம் புதிதன்று. மணமக்கள் எழுந்து நிற்க, போதகர் அதை வாசிப்பார். பின்னர் பிரசங்கம் தொடங்கும். மனைவி புருஷனுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்ற பகுதி விரிவாக விளக்கப்படும். கணவன் மனைவியிடத்தில் அன்புகூர வேண்டும் என்ற பகுதி இரண்டொரு வாக்கியங்களில் முடிந்துவிடும். லிந்துலைப் பகுதியில் பிறந்து வளர்ந்து, பத்திரிகைத் தொழிலின் பொருட்டு எத்தனையோ திருமணங்களுக்கும் இழவு வீடுகளுக்கும் சென்று வந்த எனக்கு, இந்த அளவுக் குறைவு நெடுநாளாக உறுத்திக்கொண்டேயிருந்தது. ஒருநாள் வேதாகமத்தை எடுத்து வசனங்களை எண்ணிப் பார்த்தேன். மனைவியரை நோக்கிச் சொல்லப்பட்டவை 22 முதல் 24 வரையான மூன்று வசனங்கள். கணவரை நோக்கிச் சொல்லப்பட்டவையோ 25இல் தொடங்கி 33ஆம் வசனம் வரை நீள்கின்றன. அதாவது ஏறத்தாழ மும்மடங்கு.

பவுலின் பெயரால் வழங்கும் இந்நிருபம் எழுதப்பட்ட காலத்தில் உரோம உலகின் குடும்பத் தலைவனுக்கு வீட்டிலிருந்த அனைவர் மீதும் பெரும் அதிகாரம் இருந்தது. மனைவியையும் பிள்ளைகளையும் அடிமைகளையும் ஆளும் முறையை அவனுக்குக் கற்பிக்கும் நூல்கள் பலவும் அன்று இருந்தன. அவ்வாறான ஒருவனிடம் போய், உன் மனைவிக்காக நீ உன்னையே கொடுக்க வேண்டும் என்று சொல்வது எளிய புத்திமதி அன்று. அதிகாரம் யாரிடம் இருந்ததோ அவனிடம்தான் மிகுதியான விலையும் கேட்கப்பட்டது.

அந்த விலையை எவ்வாறு அளப்பது? பிரசங்கத்தைக் கொண்டு அளக்க இயலாது. கணவனின் அன்பு கண்ணுக்குப் புலப்படாத பொருளாயினும் அது சில இடங்களில் கணக்காகவே பதிவாகியிருக்கிறது. எங்கள் மலைநாட்டைப் பொறுத்தவரை அவ்வாறான புத்தகங்கள் மூன்று: கோயிலின் திருமணப் பதிவேடு, தோட்டத்தின் செக்ரோல், அரசாங்கத்தின் பிரஜாவுரிமைக் கோப்பு. இம்மூன்றையும் புரட்டிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். அதற்கு முன்பாக, இதே மலைகளில் மடிந்த ஓர் ஆங்கிலத் தம்பதியரின் கதையைச் சொல்ல வேண்டும்.

லிந்துலையிலிருந்து தலவாக்கலை வழியாக ஹட்டனை அடைந்து, டிக்கோயா, நோர்வூட் கடந்து சென்றால் பொகவந்தலாவை வரும். அங்கேயுள்ள புனித மரியாள் ஆலயத்தின் கல்லறைத் தோட்டத்தில் ஜூலியா மார்கரெட் கமரோனும் அவருடைய கணவர் சார்ள்ஸ் ஹே கமரோனும் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். புகைப்படக் கலையின் வரலாற்றை எழுதும் எவரும் அந்த அம்மையாரின் பெயரைத் தவிர்க்க முடியாது. இலங்கை வரலாற்றை எழுதும் எவரும் அவருடைய கணவரைத் தவிர்க்க முடியாது. 1830களின் தொடக்கத்தில் இந்நாட்டின் நிருவாகத்தையும் நீதிமுறையையும் மாற்றியமைத்த கோல்புறூக் - கமரோன் ஆணைக்குழுவின் கமரோன் இவரேதான். இராஜகாரியம் என்ற கட்டாய ஊழியம் ஒழிக்கப்படுவதற்கும், கூலிக்கு உழைப்பை விற்கும் புதிய முறைக்கு வழி திறக்கப்படுவதற்கும் அவ்வாணைக்குழுவின் அறிக்கைகள் காரணமாயின. எங்கள் முன்னோர் இம்மலைகளுக்கு வந்து சேர்ந்ததன் பின்னணியில் அவருடைய பேனாவுக்கும் ஒரு பங்குண்டு.

1795இல் பிறந்த சார்ள்ஸும் 1815இல் கல்கத்தாவில் பிறந்த ஜூலியாவும் நன்னம்பிக்கை முனையில் சந்தித்து, 1838இல் கல்கத்தாவில் மணம் புரிந்தனர். கணவர் மனைவியைவிட இருபது வயது மூத்தவர். இந்தியாவில் தேசாதிபதியின் சபையில் சட்ட உறுப்பினராக இருந்து, 1848இல் இங்கிலாந்து திரும்பிய கமரோன், இலங்கையில் வாங்கியிருந்த தோட்டக் காணிகளை மறக்கவில்லை. வைற் தீவில் கவிஞர் தெனிசனின் வீட்டுக்கு அருகே 1860இல் இவர்கள் வாங்கிய இல்லத்துக்கு டிம்போலா என்று பெயரிட்டார்கள். எங்கள் டிம்புள்ளைப் பள்ளத்தாக்கின் பெயர்தான் அது. லிந்துலையும் தலவாக்கலையும் அடங்கிய இப்பிரதேசத்தின் பெயர், கடல் கடந்து ஓர் ஆங்கில வீட்டின் வாயிலில் ஏறியது. பிற்காலத்தில் அவ்வீடு அருங்காட்சியகமாக்கப்பட்டது.

1863ஆம் ஆண்டின் இறுதியில், கமரோன் தோட்ட அலுவலாக இலங்கையில் இருந்த வேளையில், மகளும் மருமகனும் ஜூலியாவுக்கு ஒரு புகைப்படக் கருவியைப் பரிசளித்தனர். அப்போது அவருக்கு வயது நாற்பத்தெட்டு. கரி போட்டு வைக்கும் அறை இருட்டறையாயிற்று. கோழிக்கூடு கண்ணாடிக் கூடமாயிற்று. டார்வின், ஹேர்ஷல், கார்லைல், தெனிசன் என்று அக்காலத்துப் பெரியோரின் முகங்கள் அவருடைய கருவியில் பதிவாயின. ஊர் திரும்பிய கணவர் என்ன செய்தார்? அந்த அம்மையார் 1874இல் எழுதிய நினைவுக் குறிப்பில் இதற்கு விடை இருக்கிறது. ஒவ்வொரு படத்தையும் கணவர் முதலிலிருந்து இறுதிவரை மகிழ்ச்சியோடு பார்த்தார் என்றும், புதிதாகப் பதிவான கண்ணாடித் தகட்டை எடுத்துக்கொண்டு அவரிடம் ஓடி அவருடைய பாராட்டைக் கேட்பது தமது அன்றாட வழக்கமாயிற்று என்றும் எழுதுகிறார். ஈரத் தகடுகளோடு சாப்பாட்டு அறைக்குள் ஓடியதில் மேசை விரிப்புகள் பலவும் வெள்ளி உப்பின் கறை படிந்து பாழாயின என்ற செய்தியும் அதில் உண்டு. கணவர் அதைப் பொறுத்துக்கொண்டார். அதற்கும் மேலாக, மனைவியின் கருவிக்கு முன்னால் வேடம் தரித்து நிற்கவும் அவர் சம்மதித்தார். தெனிசனின் காவியத்துக்கான படங்களில் மந்திரவாதி மேர்லினாக அமர்ந்திருக்கும் வெண்தாடி முதியவர் அவரே. நீண்ட நேரம் அசையாதிருக்க வேண்டிய அந்த வேளையில் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது என்றும் சொல்வார்கள்.

இந்த இடத்தில் சட்டத்தையும் கவனிக்க வேண்டும். அக்கால ஆங்கிலச் சட்டப்படி மணமான பெண் உழைத்துப் பெறும் பணம் அவளுக்குரியதன்று, கணவனுக்குரியது. 1870இல் இயற்றப்பட்ட சட்டமே அவளது சம்பாத்தியத்தை அவளுடையதாக்கியது. 1882இன் சட்டம் சொத்துரிமையை முழுமையாக்கியது. அங்கிலிக்கன் திருமண முறைமையிலோ, மோதிரம் அணிவிக்கும்போது மணமகன் தன் உலக உடைமைகள் அனைத்தையும் மணமகளுக்கு அளிப்பதாக வாக்குக் கொடுக்கிறான். கோயிலுக்குள் அவன் எல்லாவற்றையும் கொடுத்தான். கோயிலைவிட்டு வெளியே வந்ததும் சட்டம் அவளுடையதையெல்லாம் எடுத்து அவன் கையில் வைத்தது. இந்த முரணைக் கண்டு வெட்கியவர்களும் இருந்தார்கள். கமரோனைப் போலவே பெந்தாமின் சிந்தனைப் பள்ளியிலிருந்து வந்த ஜோன் ஸ்டூவர்ட் மில், 1851இல் ஹரியட் டெய்லரை மணக்குமுன், கணவன் என்ற வகையில் சட்டம் தனக்கு வழங்கும் அதிகாரங்களைத் தான் ஏற்கவில்லை என்று கையெழுத்திட்டு எழுதிவைத்தார். மில் கிறிஸ்தவர் அல்லர். ஆயினும், திருமண வாக்குறுதியின் பொருளைப் பல கிறிஸ்தவரைக் காட்டிலும் அவர் நன்கு உணர்ந்திருந்தார் என்றே சொல்லத் தோன்றுகிறது.

கமரோன் அவ்வாறு எதையும் எழுதிவைத்ததாகத் தெரியவில்லை. ஆனால் அம்மையாரோ, 1862இன் பதிப்புரிமைச் சட்டத்தின் கீழ் ஐந்நூறுக்கும் மேற்பட்ட படங்களைப் பதிவு செய்தார். கணவரின் கைதட்டலும் மனைவியின் துணிவும் சேர்ந்ததால் உருவான கலை அது.

இத்தோடு கதை முடிந்திருந்தால் அன்பான கணவருக்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டியதில்லை. ஆனால் முடியவில்லை. கமரோனுக்கு இலங்கை மீது தீராத ஏக்கம். பிள்ளைகளிற் சிலரும் இங்கே இருந்தனர். 1869இல் தலைகாட்டிய கோப்பி நோய் தோட்டங்களின் வருமானத்தை அரித்துக்கொண்டிருந்தது. இங்கிலாந்தில் குடும்பம் நடத்துவதும் கடினமாயிற்று. 1875இல், எண்பது வயதில், அவர் மனைவியோடு இலங்கைக்குக் கப்பலேறினார். பயணச் சாமான்களில் இரண்டு சவப்பெட்டிகளும் இருந்தன. அந்த அம்மையாரின் சகோதரி வழிப் பேத்தியான வேர்ஜீனியா வுல்ஃப் பிற்காலத்தில் இப்புறப்பாட்டை வைத்து ஒரு நகைச்சுவை நாடகமே எழுதினார். எமக்கு அதில் நகைப்பு மட்டும் தெரியவில்லை. பதினொரு ஆண்டுகளில் உலகப் புகழ் பெற்ற ஒரு கலைஞர், தமது கூடத்தையும் தம் முன்னால் வந்தமர்ந்த மனிதர்களையும் விட்டுவிட்டுக் கணவரின் விருப்பத்தின் பின்னால் வந்தார். இலங்கையில் அவர் எடுத்தவற்றில் இன்று எஞ்சியிருப்பவை முப்பதுக்கும் குறைவு. இங்கிலாந்தில் அவர் படமெடுத்தவர்களுள் பலருக்குப் பெயர் உண்டு. இலங்கையில் அவர் படமெடுத்த உழைப்பாளிகளுக்கும் கிராமத்தவருக்கும் பெரும்பாலும் பெயர் இல்லை.

1879 ஜனவரி 26இல் கிளென்கேர்ன் தோட்டத்தில் ஜூலியா காலமானார். அடுத்த ஆண்டு மே மாதம் கணவரும் மறைந்து, மனைவியின் அருகில் அடங்கினார். கமரோனை நான் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற விரும்பவில்லை. பதினொரு ஆண்டுகள் மனைவியின் கலைக்கு இடம் விட்டார். வாழ்வின் இறுதித் திருப்பத்தில் தமது விருப்பத்துக்கு மனைவியை இடம் விடச் செய்தார். கைதட்டுவது அன்பின் ஒரு பகுதி. தான் விரும்பும் இடத்தை விட்டுக்கொடுப்பது அதன் கடினமான மறுபகுதி. இவ்விரண்டையும் ஒரே கணவனிடம் காண்பது வரலாற்றில் அரிதாகவே இருக்கிறது.

அரிது என்றேன், இல்லையென்று சொல்லவில்லை. தமிழ்க் கிறிஸ்தவ உலகிலேயே அதற்கு ஓர் உதாரணம் உண்டு. அகமத்நகரில் 1862இல் பிறந்த கிருபாபாய், 1878இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, உடல்நலம் குன்றிப் படிப்பைக் கைவிட்டவர். அவரை 1883இல் மணந்த சாமுவேல் சத்தியநாதன் கேம்பிரிட்ஜில் படித்துத் திரும்பிய தமிழர். தமது பணியின் பொருட்டு அவர் உதகமண்டலத்துக்குச் சென்றபோது, அந்த மலைக்காற்றில் கிருபாபாய் எழுதத் தொடங்கினார். முஸ்லிம் சிறுமியருக்கென ஒரு பள்ளியும் நடத்தினார். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரிச் சஞ்சிகையில் 1887-88இல் வெளிவந்த அவருடைய ‘சகுணா’ என்ற நாவல், இந்தியப் பெண் ஒருவர் ஆங்கிலத்தில் தம் வாழ்வைத் தழுவி எழுதிய முதல் நாவல்களுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. 1894இல் அவர் இறந்தபோது வயது முப்பத்திரண்டு. பின்னர் சாமுவேல் மறுமணம் செய்த கமலா அம்மையார் 1901இல் சென்னையிலிருந்து மகளிருக்கென ஓர் ஆங்கிலச் சஞ்சிகையைத் தொடங்கினார். 1906இல் ஜப்பானில் சாமுவேல் காலமான பின்னரும் அந்தச் சஞ்சிகை தொடர்ந்து வெளிவந்தது. ஒருவர் இறந்து மற்றவர் வந்த பின்னும் அந்த வீட்டில் மனைவியின் எழுதுகோலுக்குத் தடை வரவில்லை. கணவனின் குணத்தை அறிய இதைவிட நம்பகமான சான்று வேண்டுமா?

நிற்க, கல்லூரி வாசலும் கப்பல் பயணமும் கண்ட குடும்பங்களின் கதைகள் இவை. லயக் காம்பராவில் குடும்பம் நடத்தியவர்களிடம் வருவோம்.

கோப்பிக் காலத்தில் இம்மலைகளுக்கு வந்தவர்களில் ஆண்களே மிகுதி; பருவம் முடிந்ததும் ஊர் திரும்பினார்கள். தேயிலை அவ்வாறன்று. ஆண்டு முழுவதும் கொழுந்து எடுக்க வேண்டும். அதற்குப் பெண்களின் கை வேண்டும். ஆகவே குடும்பம் தோட்டத்திலேயே நிலைத்திருக்க வேண்டும். தேயிலை வந்த பின்னரே திருமணம் என்பது தோட்ட நிருவாகத்துக்கும் அக்கறைக்குரிய விடயமாயிற்று. அந்தக் காலத்திலேயே திருச்சபையும் லயங்களுக்குள் வேர்கொண்டது. 1854இல் தொடங்கப்பட்ட தமிழ்க் கூலி மிஷனின் உபதேசியார்கள் பலர் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர்கள். தோட்டந்தோட்டமாக நடந்து, மாலையில் லய வாசலில் ஜெபம் நடத்தி, பிள்ளைகளுக்கு எழுத்தும் சொல்லிக்கொடுத்த மனிதர்கள் அவர்கள். கத்தோலிக்கக் குருமாரும் மெதடிஸ்த போதகரும் அவ்வாறே வந்தனர். கிறிஸ்தவர்கள் தோட்டங்களில் என்றும் சிறுபான்மையினரே. ஆயினும் அவர்கள் கொண்டுவந்த ஒன்று பிற்காலத்தில் பெரும் பெறுமதி பெற்றது. அதுவே முதலாவது புத்தகம், திருமணப் பதிவேடு.

தோட்டத்தில் பெரும்பாலான திருமணங்கள் உற்றார் உறவினர் முன்னிலையில் தாலி கட்டுவதோடு முடிந்தன. இலங்கைச் சட்டப்படி அத்தகைய வழக்காற்றுத் திருமணமும் செல்லுபடியாகும். பதிவு என்பது அதற்குச் சிறந்த சான்று மட்டுமே. கோயில் திருமணமோ, ஓலை வாசித்து, ஆட்சேபம் உண்டா என்று சபையைக் கேட்டு, இறுதியில் இருவரும் பதிவேட்டில் ஒப்பமிட்டு நிறைவேறுவது. கையெழுத்துத் தெரியாதவர் கைநாட்டு வைப்பார். கணவனின் பெயருக்குச் சமமாக மனைவியின் பெயரும் ஒரே தாளில், ஒரே மையில் ஏறியது. தோட்டத்தில் அவளுக்குச் சமமான இடம் கிடைத்த ஒரே காகிதம் அதுவாகத்தான் இருந்திருக்கும்.

இரண்டாவது புத்தகமான செக்ரோலைத் திறந்தால் அச்சமத்துவம் அங்கே இல்லை. 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சச் சம்பளக் கட்டளைச் சட்டத்தின் கீழ் 1929 முதல் மலைநாட்டுத் தோட்டங்களுக்கு விதிக்கப்பட்ட நாட்கூலி ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம். இந்த வேறுபாட்டை எழுதியவர்கள் தோட்டத் துரைமார் மட்டுமல்லர், அரசாங்கமே எழுதிவைத்தது. 1984ஆம் ஆண்டில்தான் தோட்டத்து ஆணும் பெண்ணும் சம நாட்சம்பளம் பெற்றார்கள். அரை நூற்றாண்டுக்கும் மேலாக, விடியுமுன் எழுந்து, ரொட்டி தட்டி, பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டு, பிரட்டுக்கு ஓடி, மாலைவரை மலையில் நின்ற பெண்ணின் நாள், கணவனின் நாளைவிடக் குறைந்ததாகவே எழுதப்பட்டு வந்தது.

அந்தக் குறைந்த கூலியாவது அவள் கைக்கு வந்ததா? சம்பள நாளில் மனைவியின் சம்பளத்தைக் கணவனே சென்று வாங்கிக்கொள்ளும் வழக்கம் தோட்டங்களில் நெடுங்காலம் நிலவியது. தோட்டப் பெண்களைப் பற்றி ஆராய்ந்தவர்கள் இதனைத் தவறாமல் பதிவு செய்திருக்கிறார்கள். மணமாகும் முன்னர் தகப்பன் வாங்கினான். மணமான பின்னர் கணவன் வாங்கினான். திருமணமான பெண்களின் ஆதனங்கள் பற்றிய 1923ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் மணமான பெண்ணின் சொத்து அவளுடையதே என்று இந்நாட்டில் உறுதிசெய்திருந்தது. அந்தச் சட்டம் சம்பள மேசையை எட்டவில்லை. இங்கிலாந்தில் 1870இல் சட்டத்திலிருந்து நீங்கிய முறைமை, எங்கள் தோட்டங்களில் அதற்கு ஒரு நூற்றாண்டின் பின்னரும் வழக்கத்தில் உயிரோடிருந்தது.

என் தகப்பனார் மலையில் கவ்வாத்து வெட்டியவர். தாயார் கொழுந்தெடுத்தவர். சம்பள நாளில் தகப்பனார் தமது பணத்தை வாங்கிக்கொண்டு ஓரமாக நிற்பார். தாயாரை அவருடைய பணத்தை அவரே வாங்கச் செய்வார். பின்னர் தமது பணத்தையும் தாயாரின் முந்தானையிலேயே முடிந்துகொள்ளக் கொடுத்துவிடுவார். இதற்காக லயத்தில் அவருக்குக் கிடைத்த பட்டம் ‘பொண்டாட்டிதாசன்’. அவர் அதைக் கேட்டுக் கோபித்ததாக எனக்கு நினைவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் தவறாது கோயிலுக்குச் சென்றவராயினும், அவர் வாயிலிருந்து வேத வசனம் எதையும் நான் கேட்டதில்லை. எபேசியர் ஐந்தாம் அதிகாரத்தை அவர் வாழ்ந்துகாட்டினார் என்பதை, வசனங்களை எண்ணிய அன்றுதான் நான் விளங்கிக்கொண்டேன். அதே கோயிலில் அதே வாக்குறுதியைக் கொடுத்து, மனைவியின் சம்பளத்தைத் தவறணையில் தொலைத்துவிட்டு வந்து, கேட்டவளை அடித்தவர்களும் உண்டு. அவர்களையும் சபை அறியும். அவர்களுக்கும் நற்கருணை மறுக்கப்படவில்லை. கணவனுக்குச் சொல்லப்பட்ட ஒன்பது வசனங்களைச் சுருக்கி வாசித்ததன் விளைவு இது என்பது என் துணிபு.

மூன்றாவது புத்தகம் எல்லாவற்றிலும் கொடியது. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது. 1949இன் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் பிரஜாவுரிமைச் சட்டம் விண்ணப்பிக்க ஒரு வாசலைத் திறந்தது. அந்த வாசலில் திருமணமும் ஒரு நிபந்தனை. மணமானவருக்கு ஏழாண்டு வதிவு, மணமாகாதவருக்குப் பத்தாண்டு வதிவு. மணமான ஆணாயின், அவனது மனைவியும் திருமணமாகி ஓராண்டுக்குள் இலங்கைக்கு வந்து, அன்று முதல் இங்கேயே தொடர்ந்து வசித்திருக்க வேண்டும். திருமண நாள் எது என்பதை நிரூபிக்க வேண்டிய நிலை வந்தபோதுதான் கோயில் பதிவேட்டின் பெறுமதி பலருக்கும் விளங்கியது. தாலி கட்டிய மேடைக்குத் திகதி இல்லை, சாட்சிகளோ இறந்துவிட்டார்கள்.

இந்த நிபந்தனை அன்பான கணவனுக்கு எவ்வாறு எதிரானது என்று பாருங்கள். வறுமை காரணமாகவோ, முதிய பெற்றோரைப் பார்க்கவோ, மனைவியை ஊரில் விட்டுவந்து, மாதந்தோறும் அவளுக்குப் பணம் அனுப்பிய மனிதன் தன் கடமையைச் செய்தவன். அதிகாரியின் கண்ணுக்கோ, இவனுடைய வேர் இந்தியாவிலேயே இருக்கிறது என்பதற்கு அந்தப் பணமே சான்று. சுமார் 2,37,000 விண்ணப்பங்கள் சமர்ப்பிக்கப்பட்டன. இறுதியில் பிரஜாவுரிமை பெற்றவர்கள் சுமார் 1,34,000 பேர் மட்டுமே. 1964 ஒக்டோபர் 30இல் கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம், எஞ்சியிருந்த 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. மீதி 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதி பாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. தலைமன்னாரில் கப்பலேறியவர்களை வழியனுப்பச் சென்றவர்கள் அந்த அழுகையை மறந்திருக்க மாட்டார்கள். தாய் ஒரு கரையிலும் மகள் மறுகரையிலுமாகக் குடும்பங்கள் உடைந்தன. தேவன் இணைத்ததை மனிதன் பிரிக்கலாகாது என்று கோயிலில் கேட்டவர்களைத்தான் இரண்டு அரசாங்கங்கள் எண்ணிப் பிரித்தன.

இதிலும் கணவனின் கையிலேயே திறவுகோல் இருந்தது என்பது கவனிக்கத்தக்கது. 1948இன் சட்டப்படி, மண உறவில் பிறந்த பிள்ளைக்குப் பிரஜாவுரிமை தகப்பன் வழியாகவே வந்தது. தாய் வழியாகவும் பெறலாம் என்ற திருத்தம் 2003இல்தான் வந்தது. போவதா, இருப்பதா என்ற கேள்விக்குப் பல வீடுகளில் கணவனே விடை எழுதினான். மனைவியிடம் கேட்டு எழுதியவன் யார், கேளாமல் எழுதியவன் யார் என்பது எந்தக் கோப்பிலும் இல்லை. பெரிய சட்ட அறிஞரான கமரோன் 1875இல் எடுத்த முடிவையும், லயத்து மனிதன் ஒருவன் 1970களில் எடுத்த முடிவையும் நான் அருகருகே வைத்துப் பார்ப்பது இதனால்தான். இருவருக்கும் இடையில் செல்வத்தால் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். மனைவியின் சம்மதம் எங்கும் பதிவாகாமற் போனதில் அந்தத் தூரம் மறைந்துவிடுகிறது.

இன்று 2003ஆம் ஆண்டின் சட்டத்தால் நாடற்றவர் நிலை நீங்கிவிட்டது. சம்பளம் சமமாகிவிட்டது. ஆனால் மூன்று புத்தகங்களும் மூடப்படவில்லை. தோட்டத்தை விட்டு நின்ற பெண் ஒருத்தியின் ஊழியர் சேமலாப நிதிப் பணம் வந்ததும் அது யார் கைக்குப் போகிறது என்று விசாரித்துப் பாருங்கள். மத்திய கிழக்கு நாடுகளுக்குப் பணிப்பெண்ணாகச் சென்றவள் அனுப்பிய பணத்தில் என்ன மிஞ்சியது என்று கேட்டுப் பாருங்கள். பதிவு செய்யாத திருமணத்தின் பின்னர் கைவிடப்பட்டவள் தாபரிப்புக் கோரி நீதிமன்றம் ஏறும்போது, தான் மனைவிதான் என்பதை நிரூபிக்க எத்தனை பேரைத் தேடி அலைகிறாள் என்று பாருங்கள்.

மலையகத்துப் போதகர்களிடமும் குருமாரிடமும் எனக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. திருமணத்துக்கு முன்னர் மணமக்களை அழைத்து நீங்கள் ஆயத்த வகுப்பு நடத்துகிறீர்கள். ஜெபத்தைப் பற்றியும் கற்பைப் பற்றியும் கேட்கிறீர்கள். அவற்றோடு மணமகனிடம் இன்னும் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். உன் மனைவி உழைத்த பணத்தை யார் வாங்குவார்? நீ விரும்பும் ஊருக்கு அவள் வர விரும்பாவிட்டால் என்ன செய்வாய்? விடையை மணமகளின் முன்னால் சொல்லச் சொல்லுங்கள். பிறகு எபேசியர் ஐந்தாம் அதிகாரத்தை வாசிக்கும்போது 25ஆம் வசனத்தில் சற்று நிறுத்தி, அங்கிருந்து மெதுவாக வாசியுங்கள்.